கடைசி ஊரின் நட்சத்திரம்

மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிய நட்சத்திரம் அது. ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருக்கும். ஐந்து முனைக்கும் சிவப்புக் காகிதமும் நடுவில் வெள்ளையும் ஒட்டி, உள்ளே ஒரு பல்பு தொங்கவிட்டிருப்பார்கள். பழைய நூல் சேலை ஒன்றைச் சுற்றி என் ஜீப்பின் மேல் கேரியரில் படுக்கப்போட்டுக் கட்டினால், பார்க்கிறவர்களுக்குக் கட்டில் போலத்தான் தெரியும். பண்ணாரி சோதனைச் சாவடியில் வருஷா வருஷம் யாராவது ஒரு புதுக் காவலர், "என்னங்க, கட்டிலுங்களா?" என்று கேட்பார். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் போதகர் ஐயா தலையை வெளியே நீட்டி, "ஆமாங்க, பச்சக் குழந்தைக்கு" என்பார். காவலர் குழம்பிப்போய் கேட்டைத் தூக்கிவிடுவார். எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சத்தியமங்கலத்துப் பக்கம் வாழையும் மஞ்சளும் போட்ட குடும்பம். மலை மேலிருந்து கோசும் உருளைக்கிழங்கும் இறக்குவதற்காக வாங்கிய ஜீப்பை, சும்மா நிற்கிற நாளில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் போதகர் என்னிடம் வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பேசியது பல வருஷமாக நீண்டது. போகிற வழியில் பண்ணாரி அம்மன் கோயிலில் இறங்கி நான் கும்பிட்டுவிட்டு வரும்வரை அவர் ஜீப்பிலேயே பொறுமையாகக் காத்திருப்பார். மேலே போனதும் அவருடைய ஆராதனை முடியும்வரை நான் வெளியே காத்திருப்பேன். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இருந்ததில்லை. நான் நெற்றியில் திருநீறு இல்லாமல் திரும்பினால்தான், "ஏனுங்க தம்பி, பூசாரி இல்லீங்களா?" என்று விசாரிப்பார்.

அவர் பொறுப்பில் இருந்த சபை, பண்ணாரியில் மலையேறத் தொடங்கி வடக்கே கர்நாடக எல்லைவரை போகிறது. வரைபடத்தில் பார்த்தால் பெரிய ராஜ்ஜியம்தான். ஆனால் முக்கால்வாசி காடு. யானையும் காட்டெருமையும் இருக்கிற அளவுக்கு ஆட்கள் இல்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே மூங்கில் புதர், பள்ளம், வனத்துறையின் தடுப்பு. ஊர் என்றால் இருபது, முப்பது வீடு, அதில் சபையார் நாலைந்து வீடு. அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் கம்பெனி வேலைக்கு இறங்கினார்கள், பின்னாலேயே பெற்றவர்களும் இறங்கினார்கள். மேலே ஜெபவீடுகள் மட்டும் பூட்டாமல் நின்றன. இத்தனைக்கும் சேர்த்துப் போதகர் இவர் ஒருவர்தான்.

ஒரே ஆள் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி எத்தனை ஊரில் இருக்க முடியும்? அதனால் அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஐயா எந்த ஊருக்கு எந்த நாளில் போகிறாரோ, அந்த ஊருக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ். டிசம்பர் நடுவில் அடிவாரத்தில் ஆரம்பித்து, பொங்கலை ஒட்டிக் கடைசி ஊரில் முடியும். நட்சத்திரமும் ஒன்றேதான். ஒவ்வோர் ஊரிலும் ஜெபவீட்டு முகப்பில் கட்டி, ஐயா வந்து சுவிட்சைப் போட்ட பிறகுதான் பண்டிகை. பலகாரம், புதுத்துணி எல்லாம் அதற்கப்புறம்தான். மறுநாள் அவிழ்த்து ஜீப்பில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவோம். நட்சத்திரத்துக்கு முன்னால் எந்தக் குழந்தையும் முறுக்கில் கைவைத்து நான் பார்த்ததில்லை.

"உங்க சாமி ஒரு வருசத்துல எத்தன தடவைங்க பொறப்பாரு?" என்று ஒருமுறை ஏற்றத்தில் கியரை மாற்றிக்கொண்டே கிண்டலாகக் கேட்டேன்.

"உங்க ஜீப்பு எத்தன ஊருக்கு ஓடுதோ, அத்தன தடவைங்க தம்பி" என்றார்.

நட்சத்திரத்தின் வீடு கடைசி ஊர். அங்கே தையற்காரம்மா என்று ஒருவர் இருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை. பொங்கலோடு சுற்று முடிந்ததும் நட்சத்திரம் அவர் வீட்டுப் பரணுக்குப் போகும். கார்த்திகை மாதத்தில் கிழிந்த காகிதத்தை உரித்துப் புதுக்காகிதம் ஒட்டி, பஸ் மேலே கட்டி அடிவாரத்துக்கு அனுப்பிவைப்பார். நான் அவ்வூருக்கு முதன்முதல் போனபோது சபையில் பத்துப் பன்னிரண்டு வீடு இருந்தது. கடைசியில் அவர் ஒருவர்தான் மிச்சம். ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டு மணியைத் தானே அடித்துவிட்டு, தானே உள்ளே போய் உட்கார்ந்து ஜெபம் செய்வாராம்.

திருச்சபை மேலிடத்தில், ஒரே ஆளுக்காகக் காட்டைத் தாண்டிப் போக வேண்டுமா, அந்த அம்மாவைக் கீழே வரச்சொல்லலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். ஐயா ஒப்பவில்லை. திருவிருந்து கொடுக்க, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பரிமாற, போதகர் போயே ஆகவேண்டும். வேறு யாரும் கொடுக்கக் கூடாது. போதகரும் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கூட இன்னொருவராவது வேண்டும். இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "அவங்க ஒருத்தர், நான் ஒருத்தன். ரெண்டு பேராச்சுங்கல்ல? அப்ப அது சபைதானுங்க" என்பார். சொல்லிவிட்டு, அந்தச் சின்ன மரப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளே இருக்கிற கிண்ணம் உருளாமல் இருக்க.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி கோயம்புத்தூரில் டயாலிசிஸ். வீட்டம்மா முன்னமே தவறியிருந்ததால் கணபதியில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. இரண்டு டயாலிசிஸ் ஊசிகளுக்கு நடுவே கிடைக்கிற ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ, அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம் என்று ஆயிற்று. திம்பம் வரை போவோம். தெம்பு இருந்தால் ஆசனூர். அதற்குமேல் முகம் வெளுத்துக் கால் வீங்கிவிடும். கடைசி ஊருக்குப் போய் வருஷம் ஒன்றாகப் போகிறது என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார். எனக்குக் கோபம்கூட வரும். "மொதல்ல உங்க ஒடம்பப் பாருங்க" என்று கத்தியிருக்கிறேன். தலையாட்டுவார். அடுத்த வளைவில் மறுபடி அதையே ஆரம்பிப்பார்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்த கையோடு எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்தத் தடவ தலகீழாப் போயிரலாமுங்க. கடைசி ஊருக்கு மொதல்ல. நாளைக்குக் காலைல வண்டியெடுங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. பொங்கல்வரை தாங்குமா என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது, குரலிலேயே தெரிந்தது. தையற்காரம்மாவுக்குத் தகவல் சொல்ல வழியில்லை, அந்த ஊரில் சிக்னல் கிடையாது. எப்போதும் பஸ் கண்டக்டரிடமோ பால் வண்டிக்காரரிடமோதான் சொல்லி அனுப்புவோம். "அவங்க எங்கீங்க போயிரப் போறாங்க? ஊட்டுலதான இருப்பாங்க" என்றார் ஐயா.

விடியற்காலையில் கிளம்பினோம். பண்ணாரியில் நான் கும்பிட்டுவிட்டு வந்தபோது ஐயா தூங்கிப்போயிருந்தார், மடியில் பெட்டி. மலையேறி பாதி வளைவு தாண்டியதும் மேலேயிருந்து தாளவாடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டுமென்பது அங்கே எழுதாத சட்டம். பாறையோரம் ஜீப்பை ஒட்டி நிறுத்தினேன். பஸ் உரசிக்கொண்டு போயிற்று. நான் அதன் பின் சக்கரத்தையும் என் கண்ணாடியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ நீளமாகத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. யாரோ கட்டில் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தையற்காரம்மாவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து ஐயாவைப் பார்த்ததும் வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, உங்களப் பாக்கத்தானுங்க காலைல பஸ்ஸுல போனாங்க! ஐயா படுத்த படுக்கையா இருக்காங்கன்னு பால்காரரு சொல்லிப்போட்டாரு. மலையேறி வரவேண்டாம், நானே போயி ஒடம்பு எப்பிடின்னு கேட்டு, திருவிருந்தையும் அங்கயே வாங்கிட்டு வாரேன்னு நட்சத்திரத்தையும் எடுத்துட்டுப் போனாங்க."

ஐயா மெதுவாக நடந்து ஜெபவீட்டுக்குப் போய் மணியை அடித்தார். யாரும் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணும் அவள் குழந்தையும் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார்கள். ஐயா மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பெட்டியைத் திறந்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துவைத்தார். ஜெபம் சொன்னார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டாவது ஆள் இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டு முதல்முறையாக உள்ளே போனேன். "நான் வேணும்னா வாங்கிக்கிறனுங்க" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் சிரித்தார். "எனக்குப் பாவம் பாத்து நீங்க வாங்கக் கூடாதுங்க தம்பி. நீங்க அம்மனுக்கு என்னத்த பதில் சொல்லுவீங்க?" சொல்லிவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டியின் கொக்கியை மாட்ட அவருக்கு அன்றைக்கு நெடுநேரம் ஆயிற்று. மறுநாள் சனிக்கிழமை. ஊசிக்குப் போயாகவேண்டும், தங்க முடியாது.

கணபதிக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கையில் சாவியோடு கேட்டருகே திகைத்து நின்றுகொண்டிருந்தார். கேட்டில், மூங்கில் நட்சத்திரம் கட்டியிருந்தது. புதுக்காகிதம், ஒரு சுருக்கம் இல்லை. எதிர்வீட்டம்மா வந்து சொன்னார்: "ஒரு அம்மா மத்தியானம் வந்து ரொம்ப நேரம் படியிலயே ஒக்காந்திருந்தாங்க. ஊடு பூட்டியிருக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பீங்கன்னு நெனச்சுட்டாங்க. பொழுது போனா செக்போஸ்ட்டு மூடிருவாங்க, பஸ்ஸு போயிருமுன்னு இதக் கட்டிவெச்சுப்போட்டுப் போயிட்டாங்க. ஐயாவ மலையேற வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாங்க."

அப்படியானால் திரும்பும் வழியிலும் எங்கேயோ அந்த பஸ்ஸை நாங்கள் கடந்திருக்கிறோம். ஒரே நாளில் இரண்டு முறை. மகள் விளக்கைப் போடட்டுமா என்று கேட்டார். "வேண்டாமுங்க அம்மணி. அது மல மேல எரிய வேண்டியது" என்றார் ஐயா.

அடிவாரத்திலும் அதற்கடுத்த ஊரிலும் அந்த நட்சத்திரத்தை அவர் ஏற்றினார். மூன்றாவது ஊருக்குக் குறித்த நாளில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இருபத்தைந்தாம் தேதிக்கு முன்பே போய்விட்டார். கோயம்புத்தூரிலேயே அடக்கம். சவப்பெட்டியைச் சுமக்க நானும் ஒரு கை கொடுத்தேன். தையற்காரம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. பொங்கலுக்கு மறுநாள் நான்தான் நட்சத்திரத்தை ஜீப்பில் கட்டிக்கொண்டுபோய் அவரிடம் சேர்த்தேன். அவர் அழவில்லை. நான்தான் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன்.

அதன்பின் மலைச்சபையை அடிவாரத்துச் சபையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கிருக்கிற போதகர் நல்ல மனிதர், ஆசனூர்வரை வருகிறார். அவரும் ஒரே ஆள்தான், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவரிடம் இரண்டு முறை போய்க் கேட்டேன். ஓர் அம்மாவுக்காகவா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்க்கலாமுங்க என்றார். இதுவரை பார்க்க முடியவில்லை.

போன டிசம்பர் கடைசியில் கோசு ஏற்றப் போனவன் கடைசி ஊருக்கும் ஓர் எட்டு போனேன். பொழுது சாய்கிற நேரம். ஜெபவீட்டு முகப்பில் நட்சத்திரம் கட்டியிருந்தது. அந்த வருஷமும் புதுக்காகிதம். ஒயர் இழுத்து பல்பும் மாட்டியிருந்தது. இருட்டில் கிடக்கிறதே என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"இருங்க தம்பி, போடாதீங்க" என்றார் தையற்காரம்மா. "ஐயா யாராச்சும் வரட்டுமுங்க."

நான் கையை எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் கடைக்குக் கடை நட்சத்திரம் எரிந்து முடிந்திருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவரே கேட்டார்.

"கீழ பொறந்துட்டாருங்களா?"

"பொறந்துட்டாருங்கம்மா."

"அப்ப இங்க வரதுக்கு இன்னும் நாளாகுமுங்க" என்றார். பனியில் காகிதம் நனைந்துவிடும் என்று சொல்லி, அந்தப் பழைய சேலையை எடுத்து நட்சத்திரத்தின் மேல் போர்த்தினார்.