வெள்ளவத்தையில் முழங்கால் அளவு சாகசம்

கோயம்புத்தூரிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் கொழும்புக்கு வந்திருக்கிறேன். விடுமுறை முழுக்க நீச்சலும் சாகசமும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைக் காட்டுகிறார்கள். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து, பாறைகளுக்கு நடுவே இருக்கும் துண்டு மணலில் நிற்கிறோம். எங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பயிற்சியாளர் போட்டிருப்பது காலர் வைத்த டீ-சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும்தான்.

நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெண் தர்ஷினி அவரிடம் போகிறாள்.

"சேர், இப்ப கடல் சரியில்லை. இந்த மாசங்களில இஞ்ச ஒருத்தரும் இறங்கிறேல்ல."

"தங்கச்சி, நான் கடலைப் பார்த்து வளர்ந்தனான்."

பார்த்து மட்டும்தான் வளர்ந்திருக்கிறார் போலும். முழங்கால் தண்ணீரில் நின்று, எங்களைப் படமெடுக்க வந்த கேமராக்காரருக்காக, விசிலைக் கடித்தபடி கையைத் தூக்கிச் சிரிக்கிறார். பின்னாலிருந்து வரும் அலை அவரைப் புரட்டிப் பாறைப் பக்கம் இழுக்கிறது. வாயில் விசில் இருப்பதால் கத்த முடியாமல் ஊதுகிறார். மற்றவர்கள் அதைப் பயிற்சி என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்.

தர்ஷினி ஒரு பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு எனக்குக் கை கொடுக்கிறாள். நான் இடுப்பளவு இறங்கி அவருடைய காலரை எட்டிப் பிடிக்கிறேன். இருவருமாக இழுத்து மணலில் போடுகிறோம்.

இருமித் துப்பி எழுந்து உட்காருகிறார். நன்றி சொல்வார் என்று காத்திருக்கிறேன்.

"பார்த்தீங்களா பிள்ளையள், இதுதான் உயிர்காப்புப் பயிற்சி."

தர்ஷினி தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்கிறாள்: "அப்ப சேர், நாளைக்கும் விழுவியளோ?"