பத்துக்கு எத்தனை

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பழைய எக்ஸ்ரே படங்களைப் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்து, இங்கே ஆராய்ச்சி செய்துகொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் அடித்திருந்த கறுப்புப் பெயின்ட் என்ன சுரண்டியும் போகவில்லை. அந்த ஜன்னல் ஓரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை முழுவதும் போனில் பேசுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவர்களுக்கு அது தெரியும். மற்றபடி வாட்ச்மேன் முதல் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் 'பத்துக்கு எத்தனை'தான்.

அவள் வேலை அப்படி. தீராத முதுகுவலிக்காரர்களையும் முட்டிவலிக்காரர்களையும் டாக்டரம்மா இரண்டு பிரிவாக்கியிருந்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான மாத்திரை மட்டும். இன்னொன்றுக்கு மாத்திரையோடு உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் யோசனை, மனம்விட்டுப் பேச ஓர் ஆள். வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காமல் ஆளை முழுசாகப் பார்த்தால் குணம் கூடுதலாகத் தெரிகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. யார் எந்தப் பிரிவு என்று இவளுக்குச் சொல்ல மாட்டார்கள். வாராவாரம் எல்லோரையும் கூப்பிட்டு, "வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. இந்த வாரம் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, அவர்கள் சொல்கிற எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மனிதர்கள் எண்ணைச் சொன்னால்தானே?

"பரவாயில்லம்மா."

"சரிங்க, பத்துக்கு எத்தனை?"

"அதான் பரவாயில்லன்னு சொல்றேனே!"

முக்கால்வாசிப் பேர் இதற்கு மேல் பிடிகொடுக்கவில்லை. கம்ப்யூட்டரோ எண்ணைத் தவிர வேறெதையும் வாங்காது. கடைசியில் புள்ளிவிவரம் பார்க்கிறவர் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டார். படித்தவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பரவாயில்லை என்பது எத்தனை என்று விவாதித்தார்கள். மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிற மூச்சு மாஸ்டர் ஒன்று என்றார். அவருக்கு உலகமே நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிசியோதெரபி பார்க்கிறவர் ஐந்து என்றார், நடுவில் நின்றால் வம்பில்லை என்று. அப்போது யாரும் கேட்காமலே நம்மவள் மூக்கை நுழைத்தாள்.

"மூணு. நான் இந்த வார்த்தையோட இருபத்தஞ்சு வருஷமா குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதா?"

அது நிஜம். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். லிப்டுக்குக் கீழே உள்ள குழியில் முட்டிபோட்டு வேலை செய்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே விமரிசனம் அதுதான். சாப்பாடு எப்படி? பரவாயில்ல. குடிவந்த வீடு? பரவாயில்ல. கல்யாணத்துக்கு முன்னால் இவளை முதன்முதல் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பொண்ணு எப்படிடா என்று அவர் அக்கா கேட்டாராம். பரவாயில்ல என்றாராம். நாத்தனார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது இவளும் சிரித்துவைத்தாள். சுருக்கென்று தைத்தது என்னவோ தைத்ததுதான்; இன்றுவரை அதைப் பிடுங்கி எறிய முடியவில்லை. ஆனாலும் மனிதர் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார், வீட்டைவிட்டு ஓடவில்லை. ஆகவே பரவாயில்லை என்றால் ஏதோ ஓரளவு நல்லது, மூன்று. கூட்டம் அதை ஏற்றுக்கொண்டு டீ குடிக்கப் போனது.

பாதிவழியில் கணக்குப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களின் சராசரி வலி மூன்று. முழு வைத்தியம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் மூன்று.

"ரெண்டு பக்கமும் சமம்னா, மூச்சு மாஸ்டர் எதுக்கு, மத்தவங்க எதுக்கு?" என்று மேலிடம் கேட்டது. வித்தியாசம் காட்டாவிட்டால் வருஷக் கடைசியில் பிரிவை மூடிவிடுவார்கள். டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. மூச்சு மாஸ்டர் அன்றைக்கு மட்டும் சரியாக மூச்சுவிடவில்லை.

அந்த வாரமே ஒருநாள் மருந்து வாங்குமிடத்தில் நம்மவள் ஒரு குரலைக் கேட்டாள். முகங்கள் அவளுக்குத் தெரியாது, குரல்கள் தப்பாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வியர்த்து நின்றிருந்தார். கீழே விழுந்த சாவிக்கொத்தை எடுக்கக் குனிய முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண், எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

"பரவாயில்லம்மா, பரவாயில்ல."

ஸ்கூல் பஸ் டிரைவர். மாதக்கணக்கில் மூன்று. இவள் ஓடிப்போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"சார், நான்தான், போன்ல கேப்பேனே, பத்துக்கு எத்தனைன்னு."

"அடடே, நீங்களா! குரல வச்சு சின்னப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

"அது இருக்கட்டும். இப்ப வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"நம்பர் சொல்லுங்க சார்."

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "எட்டு இருக்கும். ஒருசில நாள் ஒன்பது."

"அப்ப ஏன் சார் வாராவாரம் பரவாயில்லன்னீங்க?"

"நீங்க அவ்வளவு அக்கறையா கேக்கிறீங்க. எட்டுன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கல்ல? விடுங்க, கவலைப்படாதீங்கன்னு சொன்னேன்."

வலி பொறுக்காமல் வந்தவர்கள் வாராவாரம் இவளைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் அந்த ஆறுதலையெல்லாம் குணமென்று தட்டித் தள்ளியிருக்கிறாள், இரண்டு பிரிவுக்கும் பாரபட்சமில்லாமல். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார்மீது என்று தெரியாத கோபம்.

வீட்டுக்குப் போனதும் அதற்கு ஆள் கிடைத்தது. கணவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"அந்த வார்த்தை இனிமே இந்த வீட்ல செல்லாது. பத்துக்கு எத்தனை?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். தப்ப வழியில்லை. "ஏழு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு வருஷமா."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஊர்ல உள்ளவங்க வலியெல்லாம் போன் போட்டுக் கேக்கிறேன். என் வீட்ல ஏழு உக்காந்திருக்கு! ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ இப்படித்தான் கத்துவ" என்றார் அவர், நியாயமாக.

மறுநாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். வேலை போய்விடும் என்று நினைத்தே போனாள். "மூணுன்னு சொன்னது நான்தான் டாக்டர். அது தப்பு. அவங்க வலிய சொல்லல, எனக்கு சமாதானம் சொல்லியிருக்காங்க."

டாக்டரம்மா அவள் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டார். "தலையாட்டினது நாங்கதானே" என்றார். பிறகு மேலிடத்தோடு மல்லுக்கு நின்று இன்னும் ஒரு வருஷம் வாங்கினார். பழைய பதில்கள் எல்லாம் தள்ளுபடி. புதிதாக ஆட்களைச் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பம். இனி எண் அவரவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நம்மவளும் பேச்சை மாற்றிக்கொண்டாள்.

"முதல்லயே சொல்லிடறேன், நான் நல்லா இருக்கேன். நீங்க ஒன்பதுன்னாலும் எனக்குச் சாப்பாடு இறங்கும். இப்ப சொல்லுங்க, பத்துக்கு எத்தனை?"

சொன்னார்கள். சிலர் பத்து என்று சொல்லிவிட்டு அழுதார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வருஷம் முடிந்து கணக்கு வந்தது. புள்ளிவிவரக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல" என்றார்.

"எத்தனை?" என்று அறை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

"மாத்திரை மட்டும், ஆறு. முழுசா பார்த்தவங்க, நாலு." வானத்தை வில்லாக வளைக்கிற வித்தியாசமில்லை. ஆனால் நிஜமான இரண்டு. பிரிவை மூடவில்லை. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி கேட்டதை மட்டும் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இவள் ஆராய்ச்சியில் அவரைச் சேர்க்க முடியாதென்பதால், சாதாரண வரிசையில் நின்று கற்றுக்கொண்டு வந்த பயிற்சி. ஏழு இப்போது ஐந்தாகியிருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். என்னை மொதல்ல பார்த்துட்டு வந்து, அக்காகிட்ட பரவாயில்லன்னீங்களாமே."

"ஆமா."

"அது பத்துக்கு எத்தனை?"

அவர் துண்டை அழுத்துவதை நிறுத்தினார். லிப்ட் ஏன் நின்றது என்று யோசிப்பதைப் போல யோசித்தார்.

"பத்து."

அப்போதும் அவளைத் தொழில் விடவில்லை. "எங்க கணக்குல பத்துன்னா தாங்க முடியலன்னு அர்த்தம்."

"ஆமா. தாங்க முடியல. அதையா அக்காகிட்ட போய் சொல்ல முடியும்?"