புஷ்பத்தின் பெரட்டு

அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் எனக்குக் காது நீளும். மறைத்துப் பேசி என்ன பயன்? புஷ்பம் ஏன் வேலைக்கு வரவில்லை என்பதையும் அப்படித்தான் தோண்டி எடுத்தேன்.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் அவள் பால்வெட்டுக்காரி. தொண்ணூற்றாறில் மலையில் பாம்பு தீண்டி, முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு மலையில் பால் வெட்ட முடியுமா? வீட்டில் வேலைக்குப் போகிற வேறு ஆள் இல்லை. தோட்டத்தில் பேர் பதியாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. அவள் காம்பராமேல் ஏற்கெனவே இரண்டு குடும்பம் கண் வைத்திருந்தது.

நான் இறப்பர் பதப்படுத்தும் ஸ்டோரில் ஷீட் வெட்டுகிறவள். புகை போட்ட இறப்பர் ஷீட்டில் இருக்கும் அழுக்கைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை. தோட்டத்தை நடத்தும் தொரை மனமிளகி அதே வேலையை அவளுக்கும் தந்தார். கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் வந்து ஸ்டோர் வாசற்படியை உடைத்துச் சரிவு கட்டினார். ஈரத்தில் கட்டை வழுக்காமலிருக்க சிமெந்தில் கோடு கீறினார். நாங்கள் அவளுக்கு ஏற்ற உயரத்தில் உட்கார வாங்கு போட்டோம். எங்களுக்கு ஒரே பெருமை.

அவள் வரவில்லை. திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. கொழுப்பு என்றாள் ஒருத்தி, வெட்கம் என்றாள் இன்னொருத்தி. எனக்கோ காரணம் தெரியாமல் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் நேரே அவள் காம்பராவுக்குப் போனேன்.

"ஏன்டி வரல? கட்டிக் குடுத்தது பத்தலையா?"

"சரிவு நல்லாத்தான் இருக்குக்கா. பெரட்டுக்கு எப்பிடி ஏறுறது?"

ஸ்டோருக்கு மேலே, செங்குத்தான கற்படிகள் ஏறினால் பெரட்டுக்களம். விடியற்காலை கணக்கப்பிள்ளை அங்கே நின்று பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஆள் அங்கே நின்றால்தான் பேர், அதற்குப் பிறகுதான் வேலை. பிள்ளைக் காலத்திலிருந்து ஏறி ஏறி, அங்கே படி இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. தொரைக்குத் தோன்றவில்லை, சரி. எங்களில் ஒருத்திக்குமா தோன்றவில்லை?

ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு போவார்களே என்றேன்.

"சாமியத் தூக்குவாங்க, பொணத்தத் தூக்குவாங்க. நான் ரெண்டும் இல்லக்கா."

கணக்கப்பிள்ளை நல்லையாவிடம் போய், பெரட்டைக் கீழே வையுங்கள் என்றேன். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். தாத்தன் காலத்து வழக்கம், தொரை கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். போய்யா என்று வந்துவிட்டேன். அன்று லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த வாய் வேறு எதற்கு இருக்கிறது?

மறுநாள் விடியலில் ஒருவரும் படி ஏறவில்லை. புஷ்பம் கட்டை ஊன்றிச் சரிவடியில் நின்றாள், அவளைச் சுற்றி நாங்கள். மேலே நல்லையா தனியே நின்றார். பிறகு இறங்கத் தொடங்கினார், ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இத்தனை வருஷம் அந்த வலியோடு ஏறியிருக்கிறார், பாவி மனுஷன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதல் பேரே புஷ்பத்தின் பேர்.

"இருக்கேங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரட்டு ஏன் கீழே வந்தது என்று தொரை கேட்டாராம். தனக்கு முழங்கால் வலி என்றாராம் நல்லையா. புஷ்பத்தின் பேரையே எடுக்கவில்லை. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வருஷக்கணக்காக அந்த வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷீட் வெட்டினாள்; காம்பராவும் அவளுக்கே நிலைத்தது.