மொட்டை மாடிக்கு எத்தனை சொந்தக்காரர்கள்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் வைத்தது அவள் புருஷன். கல்யாணமான புதிதில் செல்லமாகச் சொன்னது, மாடிப்படி ஏறி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். புருஷன் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ரெண்டா வகுத்தா ஒரு நல்ல மனுஷன் கிடைப்பான்" என்பார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவள் லாண்டரி நடத்தினாள். மூன்று பெரிய வாஷிங் மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, ஈர வாடை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள்தான் முக்கியமான வேலை. அந்த வேலைக்கு வந்த எமன் கரண்ட். நேரம் காலம் பார்க்காமல் போகும். போனால் மெஷினின் கண்ணாடிக் கதவு பூட்டிக்கொள்ளும். விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு உள்ளேயே கிடக்கும்; கரண்ட் வரும்வரை திறக்க வழியில்லை.

ஒரு மத்தியானம் அப்படிப் போனபோது ஆஸ்பத்திரி ஆள் வாசலில் வண்டியோடு நின்றான். அதே சமயம் மேலே தடதடவென்று சத்தம். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவளுடைய நாத்தனார். மேல்மாடியில் குடியிருப்பவர், முட்டி வலிக்காரர். லிஃப்ட் இல்லாவிட்டால் வீட்டுக் கைதிதான். பம்பரம் மேலே ஓடினாள், "அண்ணி, பயப்படாதீங்க, இருக்கேன்!" என்று கத்தினாள், கீழே ஓடினாள், ஆஸ்பத்திரி ஆளிடம் கெஞ்சினாள், மறுபடி மேலே ஓடினாள். ஒரு பக்கம் விரிப்பு, ஒரு பக்கம் நாத்தனார், இரண்டும் பூட்டுக்குள்.

கரண்ட் வந்து எல்லாம் திறந்த பிறகு, வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டே ஆஸ்பத்திரி ஆள் ஒரு விஷயம் சொன்னான். சோலார் போட நிதியுதவி தரும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம். அவன் தங்கை குடியிருக்கும் பகுதியில் வாங்கியிருக்கிறார்களாம். திருப்பித் தர வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, தனி ஆளுக்குக் கிடையாது. அங்கே வாழ்கிற எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலமே அவள் கதவு தட்ட ஆரம்பித்துவிட்டாள். சிலர் விஷயம் புரிந்து கையெழுத்துப் போட்டார்கள். பலர், போட்டால்தான் இவள் வாசலைக் காலி செய்வாள் என்பதற்காகப் போட்டார்கள். சங்கம் உருவாயிற்று. தலைவர் அவள். செயலாளர் அவள் புருஷன். பொருளாளர் இரண்டாம் மாடி பாட்டு டீச்சர். கையெழுத்துப் போட்டாரே தவிர, எதற்கென்று அந்த அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. கம்பெனிகளிடம் விலை கேட்டது, மொட்டை மாடியை அளந்தது, விண்ணப்பத்தை எழுதியது, கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் பம்பரம். அந்த மாதங்களில் அவள் இளைத்தே போனாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது என்று அவள் புருஷன் பிற்பாடு சொன்னார்.

நிதி அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி அம்மா நேரில் பார்க்க வந்தார். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, அதிகம் பேசாத முகம். பம்பரம் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் மூச்சுவிடாமல் விளக்கினாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் தனியா ரெண்டு மூணு வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வரேன்" என்றார்.

பாட்டு டீச்சர் வீட்டில், "பேட்டரி எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். டீச்சர், "அது பம்பரத்துக்குத்தான் தெரியும்." மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரரிடம், "கெட்டுப்போனா யார் சரிபண்ணுவாங்க?" அவர் நிதானமாக யோசித்து, "பம்பரம் அக்கா பாத்துப்பாங்க." நாத்தனாரிடம் போனபோது அவர், "சோலாரா? நம்ம பில்டிங்குக்கா?" என்று கேட்டார்.

சில வாரம் கழித்து அதிகாரி அம்மாவே போன் செய்தார்.

"உங்க திட்டம் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா அது உங்க திட்டமா மட்டும் இருக்கு. நாளைக்கு நீங்க வீடு மாறிப் போயிட்டா அந்தப் பேனல் யாரோடது? இப்போதைக்குக் குடுக்க முடியல. அடுத்த தடவை பார்க்கலாம்."

பம்பரம் போனை வைத்துவிட்டுக் கூடத்தை எத்தனை தரம் சுற்றினாள் என்று தெரியாது. புருஷன் வந்ததும் வெடித்தாள்.

"ஒத்தை ஆளா நாயா அலைஞ்சேன். அது குத்தமாம்! நான் ஓடலன்னா இங்க யாருங்க ஓடுவா?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார். "இந்தா பாரு, கோவிச்சுக்காத. பஸ்ல எல்லாரும் தூங்கறாங்க ஏன்? நான் ஓட்டறேன்னு. நீயும் எல்லாரையும் தூங்க வெச்சுட்ட."

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தலைவர் பதவியை விட்டாள்.

சங்கத்தைக் கூட்டி வேறு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் தலையில் அது விழுந்தது. அவர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதுபோல எதையும் அளந்து அளந்து செய்பவர். பம்பரத்துக்கு அந்த மாதங்கள் நரகம். அவர் கூட்டம் போட்டால் நாலு பேர் வருவார்கள். ஒரே கம்பெனியிடம் விலை கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். "ரெண்டாவது கம்பெனிக்கு ஒரு போன் போட்டா என்னங்க, விரலா தேஞ்சுடும்?" என்று அவள் வீட்டுக்குள் புலம்புவாள். ஒருமுறை தாங்க முடியாமல் அவர் கதவுவரை போய், மணியில் விரலை வைத்து, அழுத்தாமல் திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் ஏற்கெனவே துவைத்திருந்த திரைச்சீலைகளை மறுபடி துவைத்தாள்.

ஆனால் மெதுவாக ஒன்று நடந்தது. மருந்துக்கடைக்காரர் மொட்டை மாடியின் வரைபடம் ஒன்றைப் படிக்கட்டில் ஒட்டினார். பேனல் வரும் இடமெல்லாம் கட்டம் கட்டியிருந்தது. நாத்தனாரின் துணிக்கொடி இருந்த இடத்திலும் ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் நாத்தனார், முட்டி வலியை மறந்து, மூன்றாம் மாடிக்கு இறங்கினார்.

"யாரைக் கேட்டு என் கொடியைப் பிடுங்கறீங்க?"

"உங்களைக் கேக்கத்தாம்மா ஒட்டியிருக்கேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அடுத்த கூட்டத்துக்கு உட்கார இடமில்லை. கொடி வேண்டும் என்று ஒரு கட்சி. பேனல் பளபளப்பில் கண் கூசும் என்று ஒரு கட்சி. பாட்டு டீச்சர், பேட்டரி இரைந்தால் பாடம் நடத்த முடியாது, தன் சுவருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று நின்றார். பம்பரம் கதவோரம் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேட்டரி இரையாது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. வேறு யாரோ விசாரித்துவந்து சொல்ல ஒரு மாதம் ஆயிற்று.

விண்ணப்பம் மறுபடி போயிற்று. அதிகாரி அம்மா நேரில் வரும் தேதி குறித்தார்கள். அன்று காலை புருஷன் சொன்னார், "நீ இங்க இருந்தா வாய் சும்மா இருக்காது. என்னோட பஸ்ல வந்து உக்காரு."

அவள் வந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் நிலையத்திலிருந்து ஊர்க்கோடி வரை போய், திரும்பி, மறுபடி போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கப் போகிறவள்போல எழுந்தாள்.

"என்னங்க, இந்நேரம் வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாங்க."

"டீச்சர் பேட்டரி கதையை மறுபடி எடுத்தா?"

"எடுக்கட்டும்."

"உங்க அக்கா கொடிக்குச் சண்டை போட்டா?"

"அக்கா சண்டை போடாம இருந்தாத்தான் கவலைப்படணும். உக்காரு, பிரேக் போடப் போறேன்."

பயணிகள் அவளை வினோதமாகப் பார்த்தார்கள். அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாட்டு டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மானம் போச்சு! அந்த அம்மா முன்னாடியே அடிதடி. உங்க நாத்தனார் கொடியை விடமாட்டேன்னு நிக்கறாங்க, நான் விடல, கடைசி வீட்டுக்காரர் மேஜையைத் தட்டறாரு. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொருத்தர் சொன்னதையும் எழுதிட்டே இருக்காரு. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல. சிரிச்சுட்டே போயிட்டாங்க."

பம்பரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

நிதி கிடைத்தது. அதிகாரி அம்மா மருந்துக்கடைக்காரரிடம் போனில் சொன்னாராம்: "போன தடவை எல்லாரும் தலையாட்டினாங்க. இந்தத் தடவை எல்லாரும் சண்டை போட்டாங்க. சொந்தம்னு நினைக்காத பொருளுக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க."

கட்டடமே கைகுலுக்கிக்கொண்டது. பம்பரம் அழுதாள், சிரித்தாள், எல்லோர் வீட்டுக்கும் போய்வந்தாள். அந்தச் சந்தோஷம் அடுத்த கூட்டம்வரை நீடித்தது.

வெயில் இருக்கும்போது வரும் மின்சாரம் எல்லோர் பில்லையும் குறைக்கும். அதில் தகராறு இல்லை. வெளிக் கரண்ட் போகும்போது பேட்டரியில் இருப்பது யாருக்கு என்பதுதான் கேள்வி. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, இவற்றுக்குத்தான் என்று நாத்தனார் தீர்மானம் கொண்டுவந்தார். லாண்டரி மெஷின்கள் கரண்டைக் குடித்துத் தீர்த்துவிடும், அவை கூடாது என்றார். பம்பரம் எழுந்து படபடவென்று பேசினாள். மெஷின், மோட்டார், நஷ்டம், ஆஸ்பத்திரி என்று ஒரே மூச்சில் கொட்டினாள். ஓட்டெடுப்பில் தோற்றாள். அவளுக்காகக் கை தூக்கியது அவள் மட்டும்தான். புருஷன் டியூட்டியில் இருந்தார். ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டுதான் என்பதால் இருந்திருந்தாலும் பயனில்லை.

பேனல்களை ஏற்றிய நாள் அவள் மாடிக்குப் போகவில்லை. "யாரோ வீட்டுக் கல்யாணம்" என்றாள்.

அப்புறம் ஒரு நாள், வேலை உச்சத்தில் இருந்தபோது கரண்ட் போயிற்று. மூன்று மெஷினும் முனகி நின்றன. கதவுகள் பூட்டிக்கொண்டன. லிஃப்ட் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் மேலும் கீழும் போய்வந்தது. அவள் வாசலில் கைகட்டி நின்று அதையே முறைத்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. நாத்தனார் இறங்கினார்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. ஓடுதான்னு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல?"

நாத்தனார் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்குக் கிட்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நுரைக்குள் வெள்ளை விரிப்புகள் சுருண்டு கிடந்தன. கதவை இழுத்துப் பார்த்தார்.

"இது எப்பத் திறக்கும்?"

"கரண்ட் வந்தா."

"வரலன்னா?"

"நாறும். மறுபடி முதல்லேர்ந்து துவைக்கணும்."

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் அண்ணி! நீங்கதான் கை தூக்கி என்னைத் தோக்கடிச்சீங்க."

"நீ எங்க சொன்ன? மெயில் வண்டி மாதிரி போன. பூட்டிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லல. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவளுக்கு அது புரியாதா?"

பூட்டிக்கொள்ளும் விஷயத்தைச் சொன்னோமா இல்லையா என்று பம்பரத்துக்கு நிஜமாகவே நினைவில்லை. "சரி, இப்பவே வாங்க, மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லி ஒயரை மாத்தச் சொல்லலாம்" என்று கிளம்பினாள்.

"நில்லு. அவர் ஒருத்தர் மாத்த முடியாது. கூட்டம் போட்டுத்தான்."

கூட்டம் நடக்க மூன்று வாரம் பிடித்தது. இந்தத் தடவை அவள் பேசவில்லை, நாத்தனார்தான் பேசினார். மூன்று மெஷினையும் சேர்க்கச் சம்மதிக்கவில்லை. ஒரு மெஷினைச் சேர்க்கலாம், அதுவும் துணியை அலசி, தண்ணீரை வடித்து, கதவு திறக்கும்வரை மட்டும் என்று முடிவாயிற்று. பாதிக்குமேல் கைகள் எழுந்தன. பம்பரம் கேட்டது மூன்று, கிடைத்தது ஒன்று. தோற்றோமா ஜெயித்தோமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இப்போது இன்னொரு பேட்டரிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற பேச்சு நடக்கிறது. எழுதுவது மருந்துக்கடைக்காரர்தான். போன ஞாயிற்றுக்கிழமை அதன் முதல் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார், கமா போட்ட இடத்தில்கூட நிறுத்தி நிறுத்தி. அவர் இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் பம்பரம் வராந்தாவை நாலு சுற்று சுற்றி வந்திருந்தாள்.