மலிவுச் சில்லில் பறந்த கதை

இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய மலிவு ரேசிங் சைக்கிள் சில்லுகள் நேற்று வந்து சேர்ந்தன. தோட்டவெளிக் கிராமத்திலிருந்து மன்னாரில் வேலை செய்யும் கந்தோருக்குத் தினமும் சைக்கிளில் போகிறவன் நான். இனிப் பறக்கலாம் என்று நினைத்தேன்.

பூட்டிச் சுற்றிப் பார்த்தால், முன்சில்லு பொரித்த பப்படம் போல நெளிந்து பிறேக் கட்டையில் உரசியது. வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன்.

“அண்ணை, சில்லு நேராத்தான் இருக்கு. உங்கட கைதான் ஆடுது” என்று பதில் போட்டார்.

கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கிச் சில்லை நேராக்கப் பொறுமை வேண்டும். என்னிடம் அதைவிட உயர்ந்த மூளை இருந்தது. பிறேக்கைத் தளர்த்திவிட்டேன். உரசல் போய்விட்டது.

இன்று காலை உண்மையிலேயே பறந்தேன், நடுவீதியில் ஒரு கழுதை நிற்பதைக் காணும்வரை.

பிறேக்கை அழுத்தினேன். சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. கழுதையும் அசையவில்லை. ஹாண்டிலை வெட்டித் திருப்பி வீதியோர மணலில் விழுந்தேன். முழங்கை உரிந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார்.

“பிறேக் இல்லையோ தம்பி?”

“இருக்கு அண்ணை. சில்லு ஓடோணும் எண்டு லூசாக்கி விட்டனான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கழுதையைப் பார்த்தார்.

“அதுக்கெண்டாலும் நிக்கத் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பி இறுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் கீழே சொல்லுங்கோ. கழுதைக்கு ஆதரவான கருத்துகள் அழிக்கப்படும்.