பிள்ளை மடுவத்துச் சாவிகள்

பேச்சியம்மாவைத் திருடி என்று சொன்னவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். எல்லாம் எங்கள் லயத்தில், ஒரே கூரை வரிசை வீடுகளில், கூடவே இருந்த பெண்கள்தான். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டு, பீத்துணி அலசி, பால் கரைத்துக் கொடுத்தவள் அவள்.

பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து இராமையாவுக்கு வாழ்க்கைப்பட்டு, இலங்கை மலையில் ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். இராமையா மண்சரிவில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. கூடை சுமந்து சுமந்து இவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மலை ஏற முடியாமல் போனதும் தோட்டத்துத் துரை அவளைப் பிள்ளை மடுவத்தில் போட்டார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக் கொட்டகை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் அங்கே அவள்தான் எல்லாம்.

அப்போது எங்களிடம் ஒரு கூறுகெட்ட பழக்கம் இருந்தது. குடியிருக்கிற காம்பராவைப் பூட்டிய சாவியை மலைக்குக் கொண்டுபோனால் தேயிலைக்குள் எங்கேயாவது விழுந்துவிடும் என்று, அதைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டி மடுவத்தில் விட்டுவிடுவோம். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து, வேலாயியின் மகன் சாவியை வாயில் போட்டுக் கண் செருகிவிட்டான். பேச்சியம்மாதான் விரலை விட்டு எடுத்தாள். அன்று மாலை எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டினாள்.

“அறிவிருக்காடி ஒங்களுக்கு? வீட்டக் காப்பாத்துறேன்னு புள்ளயக் கொன்னுபோடுவீங்க போல இருக்கே! நாளையிலருந்து சாவிய எங் கையில குடுங்க.”

மறுநாள் சுவரில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணிகள் அடித்துவிட்டாள். ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு நிறத்தில் கிழிந்த சேலைத் துண்டு. புருஷன்மார் வந்து கேட்டால்கூடத் தரமாட்டாள். “குடுத்தவ வரட்டும்” என்பாள். பூட்டை இழுத்துப் பார்க்காமல் வருகிறவளைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவாள். அதிலே அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டுமே! வேறு என்ன இருந்தது அவளிடம்?

அந்த ஐப்பசியில் எங்கள் லயத்து அழகம்மாவின் தோடு காணாமல் போனது. அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தாளாம். லயமே கூடிவிட்டது.

“பூட்டுப் பூட்டினபடியே இருக்கு. சாவி நாள் பூரா ஆணியில தொங்குச்சு. அப்பப் பூந்தது யாருங்கிறேன்?” என்று அழகம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மாவின் காம்பராவுக்குள் புகுந்து பெட்டியைக் கவிழ்த்தார்கள். இராமையாவின் பழைய கோட்டும் இரண்டு சேலையும் விழுந்தன. கணக்கப்பிள்ளை சிவசாமி வாசலில் நின்று வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் லயத்துப் பூட்டுகள் எல்லாம் ராகலையில் ஒரே கடையில் வாங்கிய மலிவுப் பூட்டுகள். முன்பு வேலாயி சாவியைத் தொலைத்தபோது என் சாவியை வாங்கிப்போய்த்தான் திறந்தாள். என் சாவியை எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் அழகம்மாவின் பூட்டில் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது.

“பாத்தீங்களா? யாரு சாவியும் யாரு பூட்டையும் தொறக்கும். ஆணியில தொங்கின சாவிய மட்டும் ஏன் பேசுறீங்க?”

அழகம்மா கையை நீட்டிக்கொண்டு வந்தாள். “அப்ப லயமே திருட்டு லயம்ங்கிறியா, நாகலெட்சுமி?”

“அதானே!” என்றாள் வேலாயி. சாவி தொண்டையில் சிக்கிய பிள்ளையைப் பெற்ற அதே வேலாயி! எல்லோரும் சந்தேகத்தில் நிற்பதைவிட ஒருத்தி திருடியாக இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. பேச்சியம்மா கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனோம். பேச்சியம்மா வாசலை மறித்து நின்றாள்.

“சாவி எங்கடி?”

வேலாயி முந்தானை முடிச்சைப் பொத்திக்கொண்டாள். “இருக்கட்டும்க்கா. நாங்களே வச்சுக்கிறோம்.”

“சாவியக் குடுக்கப் பயம். புள்ளயக் குடுக்கப் பயமில்லையா? திருடிகிட்ட எவளாச்சும் புள்ளய விடுவாளா? ரெண்டையும் குடுங்க. இல்லாட்டி ரெண்டையும் தூக்கிட்டுப் போங்க!”

நான் என் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “வேணாம்டி நாகு. ஒன் சாவிய மட்டும் வாங்கினா ஒன்னையும் சேத்துச் சொல்லுவாளுங்க.”

அந்த நேரம் பார்த்து, வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்புப் பறை முழங்கியது. பிந்திப்போனால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள்; அன்றைய சம்பளம் போச்சு. அழகம்மாதான் முதலில் குனிந்தாள். பிள்ளையைப் பேச்சியம்மாவின் காலடியில் ஈரத் தரையில் இறக்கிவிட்டுக் கூடையோடு ஓடினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக இறக்கிவிட்டு ஓடினார்கள். நானும்தான் விட்டுவிட்டுப் போனேன், வேறு எங்கே விடுவது?

குளிரில் பிள்ளைகள் வீரிட்டன. பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள். மேட்டு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். அழகம்மாவின் பிள்ளையைத்தான் முதலில் தூக்கினாள்.