தேனீ கொட்டியதாகச் சொன்ன காலை

கண்ணாடியில் பார்த்தபோது, மூக்கின் வலது ஓரத்திலிருந்து கன்னம் வரை கருநீலமாக வலை பின்னியிருந்தது. விரலால் அழுத்தினேன். வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்பவில்லை.

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முகத்துத் தமனி எங்கே வளைந்து, எங்கே ஏறிக் கண்ணோரம் சேர்கிறது என்று வருடா வருடம் சிவப்புச் சாக்பீஸால் வரைந்து காட்டியிருக்கிறேன். ரத்தம் போகாத தோல் என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. படித்ததெல்லாம் அன்று பயப்படத்தான் உதவியது.

முந்தின நாள்தான் சேலத்தில் ஒரு கிளினிக்கில், மூக்கோரச் சுருக்கத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் சொன்னது, மூக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்காட்டு ஹோட்டலில் ஒரு சர்வர், தலைக்குச் சாயம் பூசிய என் கணவரிடம், "உங்கம்மாவுக்குச் சர்க்கரை போடலாமுங்களா சார்?" என்று கேட்டார். கணவர் திருத்தவில்லை. டிப்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்.

கிளினிக்குக்கு போன் செய்தேன். "உடனே வாங்க மேடம். கரைக்கிற ஊசி போடணும். லேட் ஆனா தோல் போயிடும்" என்றார் டாக்டர். என்னிடம் படித்தவர்களைவிட இளையவர்.

கணவர் எழுந்து வந்து பார்த்துப் பதறினார். "தேனீ" என்றேன். "ஒத்துக்கல போல. சேலம் போகணும்." அவர் காரை எடுக்க ஓடினார்.

அதற்குள் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏனுங்க டீச்சரம்மா, மூஞ்சி என்னங்க இப்பிடி? தேனீங்களா? எந்த மரமுங்க?"

பொய்க்கு ஒரு முகவரி வேண்டியிருந்தது. கேட்டருகே நின்ற சில்வர் ஓக்கைக் காட்டினேன்.

எங்கள் கொட்டச்சேட்டுப் பக்கம் மலைத்தேனீ கொட்டினால் அது ஒரு வீட்டோடு போகும் சமாசாரமில்லை. அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் புகைப் பந்தத்தோடு கிளம்பினார்கள். பாதையை மறித்தார்கள். கணவரை உள்ளே தள்ளி, அவளும் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"கொட்டு வாங்குன ஆளு வெளிய போகக்கூடாதுங்க. அந்த வாசத்துக்கு மத்ததும் வரும். கூட்டக் கண்டுபிடிக்கட்டும், இருங்க."

இல்லாத கூட்டை எப்போது கண்டுபிடிப்பார்கள்? கன்னம் மரத்துக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் புகையும் கலந்தது. என் தோல் செத்துக்கொண்டிருக்க, அவள் சுண்ணாம்பு எங்கே என்று அலமாரியில் தேடினாள்.

"தேனீ இல்ல" என்றேன். "ஊசி. நானே போய்ப் போட்டுக்கிட்டது."

"சீக்குக்குங்களா?"

"இல்ல. வயசு தெரியாம இருக்க."

அவள் என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்குங்க தெரியாம இருக்க?"

கணவர் குனிந்து செருப்பைத் தேடினார். அவள் கதவைத் திறந்து கத்தினாள்: "பாதைய உடுங்கய்யா! டீச்சரம்மாவுக்கு நொம்ப முடியல!"

குப்பனூர் மலைப்பாதை வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். ஊசி மருந்து அடைத்த தமனி கண் வரை போகிறது, பார்வையே போகலாம் என்று காரில் ஏறும்போதே கணவரிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும், "இடது கண்ண மூடிக்க. அந்த போர்டைப் படி" என்றார். நான் படித்தேன். பனியில் பலகை தெரியாத இடங்களில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஹோட்டலைச் சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் கன்னத்தை அழுத்தி விரலை எடுத்தார். மெதுவாகச் சிவப்பு வந்தது. மூக்கோரத்தில் ஒரு சிறு இடம் மட்டும் கருத்தபடியே இருந்தது.

"தழும்பாகுமா?" என்று கணவர் கேட்டார்.

"ஆகலாம் சார். அதுக்கும் ட்ரீட்மென்ட் இருக்கு."

"என்ன ட்ரீட்மென்ட்?" என்று முந்திக்கொண்டு கேட்டது நான்தான். என் குரலில் இருந்த ஆவலைக் கேட்டபோது, காலையில் கண்ணாடி முன்னால் நின்றதைவிட அதிகமாகப் பயந்துபோனேன்.